பதினோரு எண்ணிக்கை அமைதி

என் நாத்தனார் பெனிஷாவுக்குக் கால் சும்மா இருக்காது. உத்தமபாளையத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் அவளுக்கு வேலை. மேசைக்கடியில் இரண்டு காலும் மாறி மாறித் தரையைத் தட்டிக்கொண்டே இருக்கும். மேசைமேல் ரத்த மாதிரி எடுத்து வைத்த கண்ணாடிக் குழாய்கள் கிடுகிடுவென ஆடும். வீட்டில் சாப்பிடும்போதும் அதே கூத்துதான். “ஏ புள்ள, குழம்பு அலம்புது!” என்று எத்தனை தடவை கத்தியிருப்பேன். கேட்கிற ஜென்மமா அது?

அவள் வாசிப்பது டிரம்ஸ். அதிலும் பிளாக் மெட்டல் என்கிற இசை. கிதார் விடாமல் இரையும், பாடுகிறவர் தொண்டை கிழியக் கத்துவார், டிரம்ஸ் அடைமழையாகக் கொட்டும். முதலில் எனக்குத் தலைதான் வலித்தது. கிட்ட உட்கார்ந்து பார்த்த பிறகுதான் அதிலுள்ள உழைப்பு புரிந்தது. நிமிடத்துக்கு எண்பது தட்டில் ஆரம்பித்து, மாதம் நான்கு நான்காகக் கூட்டி, மூன்று வருடத்தில் இருநூற்று இருபதைத் தொட்டாள். அதோடு விட்டாளா? எல்லோரும் நாலு நாலாக எண்ணினால் இவள் பதினொன்றாக எண்ணினாள். வேகம் உச்சத்தில் இருக்கும்போது சட்டென்று நிறுத்தி, பதினோரு எண்ணிக்கை சும்மா இருந்து, மறுபடி அதே வேகத்தில் பாய்வாள்.

“அடிக்கிறத யாரும் அடிப்பாக மதினி. நிறுத்திட்டுத் திரும்ப வரணும், அதான் வித்தை.”

கொச்சியில் ஒரு குழு டிரம்ஸுக்கு ஆள் தேடியது. சனிக்கிழமை ஆறு மணிக்குள் வீடியோ அனுப்ப வேண்டும். ஒரே மூச்சில் வாசித்ததாக இருக்க வேண்டும், வெட்டி ஒட்டக் கூடாது.

“இது கிடைக்கலன்னா ஆயுசுக்கும் நான் மேசைக்கடியிலதான் வாசிக்கணும்” என்றாள்.

டிரம்ஸ் எங்கள் ராயப்பன்பட்டி மாதா கோயில் பாடகர் குழுவுடையது. அதே சனிக்கிழமை சாயங்காலப் பூசைக்காக ஐந்து மணிக்குத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். வீட்டில் வாசித்தால் தெருவே திரண்டுவிடும் என்று திராட்சைத் தோட்டத்து மோட்டார் ரூமில் கொண்டுபோய் வைத்தோம்.

பழம் கனிகிற நேரம். எங்கள் தோட்டங்களில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் தகர டின்னைத் தட்டி மைனாவை விரட்டுவார். அவர் கை ஓய்ந்ததும் அடுத்த தோட்டத்துக்காரர் உடனே குரல் கொடுக்க வேண்டும். கொஞ்சம் இடைவெளி விழுந்தாலும் கூட்டமாக இறங்கிவிடும்.

பக்கத்துத் தோட்டத்துச் சுருளியாண்டி அண்ணனுக்கு அன்று வாயெல்லாம் பல். “பாப்பா அடிக்கிற அடிக்கு ஒரு மைனா எட்டிப் பாக்கலத்தா! நல்லா அடிக்கட்டும்.”

பதினாறு தடவை எடுத்தோம், பதினாறும் எங்கேயாவது சறுக்கியது. பதினேழாவது தடவை தொடங்கும்போது மணி நாலரை. அவள் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டிருந்தது. ஏழு நிமிடப் பாட்டில் ஐந்து நிமிடம் ஒரு பிசிறில்லை. நிறுத்தம் வந்தது. குச்சி இரண்டும் அந்தரத்தில் நின்றன. மொபைலைப் பிடித்துக்கொண்டு நானும் மனசுக்குள் எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று...

“ஹேஏஏஏய்! ஹோஓஓஓய்!”

வேலி ஓரத்தில் சுருளியாண்டி அண்ணன் அடிவயிற்றிலிருந்து கத்தினார். பெனிஷா கண்ணைக்கூட இமைக்கவில்லை. பதினொன்று முடிந்ததும் பாய்ந்து, கடைசித் தட்டுவரை வாசித்துவிட்டுத்தான் அழுதாள். அதற்குள் டிரம்ஸை ஏற்ற ஆட்டோ வந்துவிட்டது.

எனக்கு வந்த கோபத்துக்கு அண்ணனைப் பிடிபிடியென்று பிடித்தேன்.

“நான் என்னத்தா செஞ்சேன்? சத்தம் நின்னுச்சு, என் முறைக்குக் குரல் குடுத்தேன். குடுக்கலன்னா நீதான வைவ?”

வைதிருப்பேன்தான். வேறு வழியில்லாமல் அதையே அனுப்பினோம்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் பெனிஷா போன் செய்தாள். “மதினி, என்னைய எடுத்துக்கிட்டாக!” பாதி அழுகை, பாதி சிரிப்பு. “நிறுத்தத்துல வர்ற குரல் யாரோடதுன்னு கேக்குறாக. அப்படி ஒரு தொண்டை அவுககிட்ட இல்லையாம். பாட்டுல அது கட்டாயம் இருக்கணுமாம்!”

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அன்று சாயங்காலம் பெனிஷா வேலை முடிந்து வந்ததும், திட்டிய வாயால் நானே அண்ணனைக் கூப்பிட்டு, ஹெட்போனை மாட்டிவிட்டேன். ஏழு நிமிடமும் கண்ணை மூடிக் கேட்டவர், கழற்றும்போது முகத்தைச் சுளித்தார்.

“மூணு எண்ணிக்கை தாமசமா வந்திருக்கேன். அதுக்குள்ள மைனா இறங்கியிருக்கும். மறுக்கா எடுப்பமா பாப்பா?”