பகலில் போட்ட கூடாரம்

அக்கா சாவதற்கு முன் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: கடலோரம் கூடாரம் போட்டு ஓர் இரவு தூங்க வேண்டும். கதிர்காமம் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிய வாரமே, நோணாங்குப்பத்தில் படகேறித் தீவுக் கடற்கரைக்குப் போனோம்.

இறங்கியதும் படகுக்காரர், "சாயங்காலம் கடைசிப் படகுல திரும்பிடணும், ராத்திரி தங்கக் கூடாது" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அக்கா சிரித்தாள்.

உச்சி வெயிலில் கூடாரம் போட்டோம். அவள் ஜிப்பை இழுத்து மூடி, "இப்ப ராத்திரின்னு வெச்சுக்க" என்று படுத்தாள். ஆஸ்பத்திரியில் மாத்திரைக்கும் வராத தூக்கம் அலைச் சத்தத்தில் வந்துவிட்டது. அந்தப் புழுக்கத்தில் அவளுக்குத் துண்டால் விசிறிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

கடைசிப் படகுக்கு விசில் அடித்தார்கள். அக்கா கண்ணைத் திறக்காமலே, "விடிஞ்சிடுச்சாடா?" என்று கேட்டாள்.

மேற்கே வெயில் இறங்கிக்கொண்டிருந்தது.

"விடிஞ்சிடுச்சுக்கா" என்றேன்.