சிவப்புத் துணி கட்டிய பை

பன்றி வேட்டைக்குப் போவதென்றால் பலீல் வீட்டில் முதல் நாளே வேலை தொடங்கிவிடும். அதில் முக்கால்வாசி அவருடைய மனைவி ஸுபைதாவின் தலையில்தான் விழும். வேட்டைத் துவக்கும் அதன் லைசனும் பலீலின் பெயரில் இருக்கின்றன, சுட்டவர் என்ற பெருமையும் அவருக்குத்தான். டோர்ச்சுக்கு பெட்டரி இருக்கிறதா, அட்டை கடிக்காமல் காலில் பூச சவர்க்காரம் இருக்கிறதா, விடியப்புறம் கொண்டுபோக ரொட்டிக்கு மா இருக்கிறதா என்று பார்ப்பதெல்லாம் ஸுபைதா. உக்குவளையிலிருந்து வாழ்க்கைப்பட்டு இந்த மேட்டுக்கு வந்து முப்பத்துமூன்று வருஷம் ஆகிறது. பிள்ளைகள் இரண்டு பேரும் தூரம் போய்விட்டார்கள். பன்றி மட்டும் போகவில்லை.

இந்த முறை அது மரவள்ளித் தோட்டத்தின் கீழ் மூலையைக் கிளறிவிட்டிருந்தது. அரை ஏக்கர். நாலு மாசப் பயிர், கிழங்கு இறங்க இன்னும் நாலு மாசம் வேண்டும். அதுவரை பன்றி பொறுத்திருக்குமா? பலீல் தேயிலைத் தோட்டத்து லயத்துக்குப் போய் மாடசாமியிடம் சொல்லிவிட்டு வந்தார். வெள்ளிக்கிழமை வேண்டாம், சனிக்கிழமை சுபஹு தொழுதவுடன் இறங்குவோம் என்று முடிவாயிற்று.

மாடசாமி இல்லாமல் இந்த வீட்டில் வேட்டை கிடையாது. சுடுவது பலீல், சுட்டதைத் தொடுவது மாடசாமி. பன்றியைத் தூக்குவதும் உரிப்பதும் லயத்துக்குக் கொண்டுபோவதும் அவர் பாடு. இந்த வீட்டுக்கு அதில் ஒரு முடிகூட வரக்கூடாது. அதனால் சாமான்களும் இரண்டு கூறு. தோட்டத்துக் கடைசியில் இருக்கும் கொட்டிலில் இரண்டு உரப்பைகள் தொங்கும். ஒன்று பலீலுடையது. மற்றதன் வாயில் சிவப்புத் துணி கட்டியிருக்கும். அது மாடசாமியின் பை. அவருடைய கயிறு, கத்தி, இரத்தம் காய்ந்த சாக்கு எல்லாம் அதற்குள். பதினெட்டு வருஷமாக இரண்டும் பக்கத்துப் பக்கத்து ஆணியில் தொங்குகின்றன. ஒரு நாளாவது மாறியதில்லை. மாறவும் முடியாது. ஒருதரம் மாடசாமியின் நாய் நனைந்த மூக்கோடு, உடுத்திருந்த சாரத்தில் உரசிவிட்டது என்று அதை ஏழு தரம் கழுவ வைத்த மனிதர் பலீல். அந்த ஏழு தரமும் கழுவியது யார் என்று கேட்கவே வேண்டாம்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து சாப்பிட்ட பிறகு பலீல் முற்றத்தில் சாக்கு விரித்து உட்கார்ந்து, கம்பியில் துணி சுற்றித் துவக்கின் குழலைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஸுபைதா பலாக்கொட்டை வெட்டக் கத்தியைத் தேடினாள். ஆணியில் இல்லை.

"இஞ்சாருங்க, குர்பான் கத்தி எங்க?"

"தீட்டிப் பைக்குள்ள வெச்சிட்டேன் புள்ள. கொடி வெட்ட வேணுமே."

"அதுக்கு வேற கத்தி இல்லியா? ஹஜ்ஜுப் பெருநாளைக்கி அறுக்கிற கத்தியா காட்டுக்கு?"

"அதுதானே கூர் நிக்கும்."

அவரோடு வாதாடத் தெம்பில்லாமல் ஸுபைதா கொட்டிலுக்கு நடந்தாள். முழங்கால் இரண்டும் படி இறங்கும்போது முனகின. பலீலின் பையை அவிழ்த்துப் பார்த்தாள். டோர்ச் இருந்தது, தோட்டாப் பெட்டி இருந்தது, கத்தி இல்லை. திரும்பினாள். சிவப்புத் துணி அவிழ்ந்து கிடந்தது. மாடசாமியின் பைக்குள், இரத்தம் காய்ந்த சாக்கின் மேலே, அவளுடைய கத்தியின் பிடி நீட்டிக்கொண்டிருந்தது.

முதலில் கோபம்தான் வந்தது. பிறகு அந்தக் கோபம் தானாகவே நின்றுவிட்டது. பகல் இரண்டு மணி. கொட்டிலுக்குள் நல்ல வெளிச்சம். துணியைத் தன் கையாலேயே அவிழ்த்திருக்கிறார்.

கத்தியை வாழை இலையில் பிடித்துக்கொண்டு தண்ணீர் விழும் பீலியடிக்குப் போய்க் கழுவத் தொடங்கினாள். முதல் தரம் மண் குழைத்துத் தேய்த்தாள். இரண்டாம் தரம் கழுவும்போது, போன மாதம் அவர் தேத்தண்ணிக்கு உப்புப் போட்டது ஞாபகம் வந்தது. நாலாம் தரம் கழுவும்போது, பஸ்ஸின் பலகையில் என்ன ஊர் என்று அவர் பக்கத்தில் நிற்பவரிடம் கேட்டுத்தான் ஏறுகிறார் என்பது ஞாபகம் வந்தது. ஏழாவது தரம் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது, அவள் கத்தியைத் தூக்கவில்லை. நாளை விடிய மாடசாமி ஓடைக்குள் இறங்கி நாய்களோடு பன்றியை மேலே விரட்டுவார். மேலே பாறையடியில் துவக்கோடு இவர் நிற்பார். முதலில் பன்றி வரும், பிறகு நாய் வரும், பிறகு மாடசாமி வருவார். எல்லாம் ஒரே புதர்ப் பற்றைக்குள்ளிருந்து.

முற்றத்துக்கு வந்து கேட்டாள். "மாடசாமிட பையில செவப்புத் துணி கட்டியிருந்திச்சே, காணல்லியா?"

பலீலின் கை குழலில் நின்றது. "ரெண்டும் ஒரே நெறமாத்தானே ஈக்கி."

"எவ்வளவு நாளா?"

"என்ன எவ்வளவு நாளா? மழைக்காலம். இருட்டு."

"வெயில் எறிக்குது."

அவர் துவக்கைப் பார்த்தபடியே சொன்னார். "வலக்கண்ணுல ஒரு புகை மாதிரி. எடக்கண் பரவால்ல. வெளிய சொல்லிராத. கண் தெரியாதவனுக்கு அடுத்த வருஷம் லைசன் குடுப்பானுகளா? துவக்குப் போனா மரவள்ளியும் போச்சு."

"மாடசாமிக்கிச் சொல்லுங்க."

"சொன்னா அவன் வரமாட்டான்."

"வரவேணாம்னுதான் சொல்றேன்."

அஸர் தொழுகை முடிந்த பிறகு மாடசாமி வந்தார், இரண்டு நாய்களையும் வேலிக்கு வெளியே கட்டிவிட்டு. ஐம்பது வயது, மெலிந்த உடம்பு, வாய் ஓயாது. பலீலை அண்ணன் முறையில் நானா என்றும் ஸுபைதாவை அக்கா முறையில் ராத்தா என்றும்தான் கூப்பிடுவார். குந்தியிருந்து தரையில் குச்சியால் ஓடை ஒன்று கீறினார்.

"நானா, நான் இங்கின எறங்கி, இப்பிடியே வந்து, இந்தக் கித்துள் மரத்துக்கிட்ட ஏறுவேன். நீங்க பாறைய விட்டு அசையாதீங்க. சரிங்களா?"

"சரி."

ஸுபைதா அடுப்படியிலிருந்து வெளியே வந்தாள். "தம்பி, அந்தப் பலா மரத்தடிக்குப் போய்க் கைய தூக்குங்க பாப்போம்."

"எதுக்குங்க ராத்தா? சரணடையவா?"

"போங்களேன்."

அவர் சிரித்துக்கொண்டே போய், மிளகுக்கொடி படர்ந்த பலா மரத்தடியில் நின்று வலக்கையைத் தூக்கினார். ஐந்து விரலும் விரிந்திருந்தன.

"எத்தன வெரல்?" என்றாள் ஸுபைதா.

பலீல் கண்ணைச் சுருக்கினார். தலையை இடப்பக்கம் சாய்த்தார். "மூணு."

மாடசாமி ஒரு நொடி அப்படியே நின்றார். பிறகு, சத்தமில்லாமல், இரண்டு விரலை மடக்கினார்.

"கரெக்டா சொல்லிட்டீங்க நானா! கழுகுக் கண்ணுல்ல உங்களுக்கு!"

யாருடைய மார்புக்கு நேரே நாளைக்குத் துவக்கு நீளப்போகிறதோ, அந்த மனிதர்தான் விரலை மடக்குகிறார்.

"எனக்குக் கண் தெரியுது தம்பி," என்றாள். "அஞ்சு காட்டினீங்க."

மாடசாமி கையை இறக்கினார். திரும்பி வந்து நின்றவர் பலீலின் முகத்தைப் பார்க்காமல் தரையில் கீறிய ஓடையையே பார்த்தார்.

"உண்மையாடா?" என்றார் பலீல்.

"போன வருஷத்துலருந்தே தெரியுங்க நானா. நாய பாத்து பன்னின்னீங்களே, அன்னைக்கே. அதுனாலதான் ஏறி வாறப்ப சத்தம் போட்டு பாட்டுப் படிக்கிறேன்."

"அது ஒன்ட கெட்ட பழக்கம்னு நெனச்சேன்."

"பழக்கமுந்தான்."

பலீல் துவக்கை எடுத்து மடித்தார். குழல் வெறுமையாகத்தான் இருந்தது. இருந்தும் விரலை விட்டுத் தடவிப் பார்த்தார். பிறகு இரண்டு கையாலும் அதை ஸுபைதாவிடம் நீட்டினார். "அலுமாரில வெச்சுப் பூட்டு. சாவிய நீயே வெச்சுக்க. திங்கக்கெழம கண் கிளினிக்குக்கு நம்பர் எடுக்கணும்னா எத்தன மணிக்குப் போகணும்?"

"அஞ்சு மணி பஸ்ஸுக்குப் போனாத்தான் வரிசையில நிக்கலாம்."

"அப்ப மரவள்ளி?"

ஸுபைதா துவக்கை உள்ளே வைத்துப் பூட்டி, சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு, மண்வெட்டியை எடுத்தாள். பன்றி தின்னுமுன் கிடைத்ததைக் கிளப்புவதுதான் வழி. பொழுது சாய்ந்து மஃரிபு தொழ இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது. மூன்று பேரும் கீழ் மூலைக்கு இறங்கினார்கள். மாடசாமி முதல் மரத்தைப் பிடுங்கினார். வேரில் தொங்கியவை கரண்டிப் பிடியின் தடிப்புக்கூட இல்லை.

"அவிச்சுத் திங்கலாங்க ராத்தா," என்றார்.

"திங்கலாம்," என்றாள் ஸுபைதா. குனிந்து அடுத்த மரத்தைப் பிடித்தாள். அரை ஏக்கர் அப்படியே கிடந்தது.