மறையும் சக்தியும் ஒரு சேவலும்

பத்து வயதில் எனக்கு மறையும் சக்தி இருந்தது. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும் நான் வாய் திறக்க மாட்டேன். அவர்களும் என்னைக் கவனிக்க மாட்டார்கள். அது ஒரு சக்தி என்று கண்டுபிடித்தவன் அண்ணன். தீபாவளி விடுமுறையில் அவன் தொடங்கிய உளவுப் படையில் நாங்கள் இருவர்தான். கண்ணை மூடினால் சுவருக்கு அந்தப் பக்கம் தெரியும் என்பது அவன் சக்தி. அதில் எனக்குச் சந்தேகம் உண்டு. என் சக்தியில் சந்தேகமே இல்லை.

தீபாவளிக்கு முந்தின நாள் அண்ணனுடைய சேவலைக் காணவில்லை. குஞ்சிலிருந்து அவன் வளர்த்தது. கண்ணை மூடினான்.

"பக்கத்து வீடு. நாளைக்குக் கறி வைக்கப் போறாங்க லா."

பக்கத்து வீட்டு ஆன்டி யாழ்ப்பாணத்துக்காரர், கண்டிப்பானவர். ஆனால் பலகாரத் தட்டோடு வரும் பிள்ளையை எந்த வீட்டிலும் வாசலில் நிறுத்த மாட்டார்கள். அம்மா கொடுத்த முறுக்குத் தட்டோடு போனோம். வெறுந்தட்டைத் திருப்பக் கூடாதே என்று ஆன்டி சீனி எடுக்கப் போனதும் நான் பின்பக்கம் நழுவினேன். அங்கே கவிழ்த்த கூடைக்குள் சேவல்! கைகாட்டி அண்ணனை அழைத்தேன். பின்னாலேயே ஆன்டியும் வந்துவிட்டார்.

"வேலி பாய்ஞ்சு வந்தவர். நாய் பிடிக்கும் எண்டு மூடி வைச்சனான். கொண்டு போங்கோ."

"நீங்க கறி வைக்கலயா ஆன்டி?" என்று கேட்டான் அண்ணன்.

"சிவ சிவா! தீபாவளிக்கு எங்கட வீட்டில மரக்கறிதான்."

அண்ணன் சிரித்தபடி சேவலைத் தூக்கினான். அப்போது வேலிக்கு அந்தப் பக்கம் அம்மாவின் குரல்.

"சேவல் அங்கதான் இருக்காடா? கொண்டா! நாளைக்கு அதத்தான் அறுக்கணும்னு அப்பா சொல்லிட்டாரு!"

அண்ணன் முகம் வெளுத்தது. வீடு மாற்றி உளவு பார்த்திருக்கிறோம். அவனுக்குப் பேச்சு வரவில்லை. எனக்கு வந்தது.

"ஆன்டி, சேவல் இங்கயே இருக்கட்டும். கொடுத்துடாதீங்க."

ஆன்டி என்னை உற்றுப் பார்த்தார். "நீ கதைப்பியே?"

பிறகு வேலிப் பக்கம் திரும்பி, "பிள்ளை, சேவல் இஞ்ச நிக்கட்டும். எங்கட வளவுக்குள்ள வந்த உயிரை நான் கறிக்குத் தரமாட்டன்" என்றார். அம்மா தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போனார்.

மறுநாள் எங்கள் வீட்டில் ஆட்டுக்கறி. அப்பா முதல் வாய் வைத்ததும் வேலிக்கு அந்தப் பக்கம் சேவல் கூவியது. முறைத்தார், சாப்பிட்டார்.

"இனிமே நீ மறைய முடியாது. ஆன்டி உன்னப் பாத்துட்டாங்க" என்றான் அண்ணன். "உனக்கு வேற சக்தி குடுக்கணும்."

"வேணாம், இருக்கு" என்றேன், சத்தமாகவே.