சோராவின் சுருட்டை முடி

தென்கொரியாவின் குன்சான் துறைமுகத்து மீன் சந்தைக்குப் பின்தெருவில் ஓ பில்ரே என்பவள் சலூன் திறந்த காலத்தில், ஊர்ப் பெண்களுக்கெல்லாம் ஒரே ஆசை, முடி சுருண்டு நிற்க வேண்டும். சந்தைக்காரிகள் காதோரம் கெட்டியாகச் சுருட்டச் சொல்வார்கள். கல்யாணப் பெண்களுக்குச் சிங்கத்தின் பிடரி போல வேண்டும்; முன்நெற்றி மயிர் ஸ்பிரே அடித்து அலை மாதிரி எழுந்து நிற்கவேண்டும். எல்லோருக்கும் சுருட்டிவிட்ட பில்ரேயின் தலையில் மட்டும், மருந்து வைத்துச் சுருட்டும் எந்தப் பெர்மும் ஒரு வாரம் தங்காது. துடைப்பக்குச்சி மாதிரி நேரான முடி.

அதனால்தானோ என்னவோ, படகு இன்ஜின் பழுது பார்க்கும் தல்சுவை முதன்முதலில் பார்த்தபோது அவர் முகத்தை அவள் பார்க்கவில்லை. தலையைத்தான் பார்த்தாள்.

"எந்தக் கடையில பெர்ம் வச்சீங்க?"

"எங்கம்மா வயித்துல" என்றார் தல்சு.

அந்த வருஷமே கல்யாணம் ஆயிற்று. பிறந்த பெண்ணுக்கும் அப்பனின் முடியே வந்தது. குழந்தையின் உச்சந்தலைச் சுருளைப் பார்த்துவிட்டுச் சங்கு என்று பொருள்பட சோரா என்று பெயர் வைத்தவரும் தல்சுதான். ஊரே காசு கொடுத்துச் சுருட்டிக்கொள்வது நம் வீட்டில் இனாமாக வந்திருக்கிறதே என்று பில்ரேக்குப் பெருமை தாங்கவில்லை.

பெருமை சோரா நடுநிலைப் பள்ளிக்குப் போகும்வரைதான். அதற்குள் காலம் மாறிவிட்டது. நடு வகிடெடுத்து, முதுகுவரை வழவழவென்று விழும் முடிதான் அழகு என்றாயிற்று. பள்ளியிலோ காதுக்குக் கீழே இரண்டு விரற்கடைக்கு மேல் முடி இருக்கக்கூடாது, பெர்ம் கூடவே கூடாது. குட்டையாக வெட்டியதும் சோராவின் முடி காலிஃப்ளவர் போல உப்பிக்கொண்டது. பிள்ளைகள் 'நூடுல்ஸ் தலை' என்றார்கள். சலூன்காரி மகள் ஆயிற்றே, அம்மாதான் செய்துவிட்டிருக்கிறாள் என்று ஆசிரியர் முடிவே கட்டிவிட்டார். வீட்டிலிருந்து ஆளைக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார்.

பில்ரே போனாள். தனியாகப் போகவில்லை. எண்ணெய்க் கறை படிந்த சட்டையோடு தல்சுவையும் படகிலிருந்து இழுத்துக்கொண்டு போனாள்.

"சார், இவளுக்கு நான் எதுவும் செய்யலை. பிறவி முடி."

"எல்லா அம்மாவும் அப்படித்தாங்க சொல்றாங்க."

"சோரா அப்பா, தொப்பியக் கழட்டுங்க."

தல்சு கம்பளித் தொப்பியைக் கழற்றினார். அமுங்கிக் கிடந்த சுருளெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகத் துள்ளி எழுந்தன.

"சொல்லுங்க சார், இதுவும் என் கடை வேலையா?"

முதலில் சிரித்தது ஆசிரியர்தான். அதற்கப்புறம் சோராவை யாரும் அதட்டவில்லை. ஆனால் வெட்கத்தில் வெந்துபோயிருந்த சோரா, வீடு வரும்வரை இருவருக்கும் பத்தடி பின்னாலேயே நடந்தாள்.

பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு முடிந்த ஞாயிற்றுக்கிழமை, அவள் கேட்ட பரிசு ஒன்றே ஒன்றுதான். அப்போது புதிதாக வந்திருந்த, முடியை நேராக்கும் மருந்தையும் இஸ்திரிக் கருவியையும் பில்ரே வாங்கி வைத்திருந்தாள். கடையைச் சாத்திவிட்டு, காலையில் தொடங்கி, இழை இழையாகப் பிரித்துத் தேய்த்தாள். இருட்டும் நேரத்தில் சோரா கண்ணாடியில் தன்னைப் பார்த்து அழுதாள். சந்தோஷ அழுகை.

சாப்பாட்டு மேசையில் தல்சு நிமிர்ந்து பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு, சோற்றைப் பாதியில் வைத்து எழுந்து வெளியே போய்விட்டார். பில்ரே பின்னாலேயே ஓடவில்லை. அவர் கிண்ணத்தை மூடி வைத்தாள்.

படிப்பு முடிந்து சோரா சியோலில் வேலைக்குப் போனாள். இருபது வருஷத்துக்கு மேல், ஊருக்கு வரும்போதெல்லாம் புதிதாக வளர்ந்த வேர்முடியை அம்மாவிடம் நேராக்கிக்கொண்டு போவாள். அந்தக் கொள்ளைநோய்க் காலத்தில்தான் அது நின்றது. வீட்டிலிருந்தே வேலை, யார் பார்க்கப்போகிறார்கள் என்று விட்டுவிட்டாள். திரும்ப அலுவலகம் போனபோது தோள்வரை சுருள் சுருளாக இறங்கியிருந்தது. உடன் வேலை பார்க்கும் பெண்கள் மொய்த்துக்கொண்டார்கள். அம்மா காலத்துச் சுருட்டை முடிதான் இப்போது சியோலில் புது மோஸ்தராம். எந்தக் கடை, எந்தக் கடை என்று துளைத்தார்கள்.

"எங்கம்மா கடைன்னு சொல்லிட்டேன்மா" என்றாள் சோரா தொலைபேசியில். "சனிக்கிழமை ரெண்டு பேர் வர்றாங்க."

"அடிப்பாவி! நான் எப்படி செஞ்சேன் அத? உங்கப்பாவக் கேக்கச் சொல்லு!"

"வாக்குக் குடுத்துட்டேன். கைவிட்டுடாதம்மா."

சொன்னபடியே இருவரும் சோராவோடு ரயிலில் வந்து இறங்கினார்கள். நாக்குமீன் கருவாடு விற்கும் ஒக்பூன், தன் வழக்கமான கெட்டிச் சுருளுக்காக ஏற்கெனவே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

"நாப்பது வருஷமா நான் இதே தலையோட இருக்கேன். என்னைப் பாத்து ஒருத்தியாவது ரயிலேறி வந்திருப்பாளா?"

"உன் தலையப் பாத்தா ரயிலே திரும்பிப் போயிடும்" என்றாள் பில்ரே.

பிறகு சோராவை எதிரே முக்காலியில் உட்கார வைத்து, அந்தத் தலைக்குள் விரலை விட்டாள். காதுக்கு முன்னால் சின்னச் சுருள், பிடரியில் தளர்ந்தது, உச்சியில் ஒன்று இடப்பக்கம், ஒன்று வலப்பக்கம். பார்க்கப் பார்க்கக் கை மெதுவானது. பள்ளிக்கூட நாளிலிருந்து இந்த முடியை அவள் அடக்குவதற்காக மட்டுமே தொட்டிருக்கிறாள். இது எப்படிப் போகிறது என்று பார்த்ததேயில்லை.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்ல. ஆடாம உக்காரு." ஒரு சுருளை இழுத்து விட்டுப் பார்த்தாள். "இவ்வளவு அழகா இருக்குன்னு நீயாவது சொல்லக் கூடாதாடி?"

"எனக்கே போன வருஷம்தாம்மா தெரியும்."

வந்த பெண்களின் முடியைத் தடித்த சுருட்டுக் குச்சி, மெல்லிய குச்சி என்று மாற்றி மாற்றிச் சுற்றினாள் பில்ரே. முதல் பெண்ணின் முடி மருந்து கழுவி உலர்ந்ததும் கடை முழுக்க எட்டிப் பார்த்தது. சோராவுடையது போலவே என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த முகத்துக்குப் பொருந்தியது. அந்தப் பெண் தலையை ஆட்டி ஆட்டிச் சிரித்தாள். இரண்டாமவளின் முடி பில்ரேயின் முடியைப் போலவே பிடிவாதம், மூன்று மணி நேரம் ஆனது. கடைசி ரயில் போய்விட்டது.

சோயா சாற்றில் ஊறிய நண்டும் சோறும் தயாராக வைத்திருந்தார் தல்சு. விருந்தாளிகள் விரலைச் சப்பிச் சாப்பிட்டுவிட்டுக் கடைக்குப் பின்னால் இருந்த அறையில் படுத்துக்கொண்டார்கள். பில்ரே விளக்கை அணைக்கப் போனவள், திரும்பி நின்று சத்தம் போட்டாள்:

"நாளன்னைக்கு வரைக்கும் எவளும் தலையில தண்ணி ஊத்தக் கூடாது, சுருள் போயிடும், சொல்லிட்டேன்!"