வெயிலில் வைத்த கண்ணாடிப் பெட்டி

கல்லூரி விடுதிக்குப் போகும்போது, தான் செல்லமாக வளர்த்த புள்ளிப்பல்லி மணியை மகள் என்னிடம் ஒப்படைத்தாள். மழைவிட்ட ஒரு காலையில் அது அசையாமல் கிடந்தது. குளிரில் வாடுகிறதே என்று, கண்ணாடிப் பெட்டியை மூடியோடு மொட்டைமாடி வெயிலில் வைத்துவிட்டு வாலாஜாபாத் சந்தைக்குப் போனேன்.

மதியம் திரும்பியபோது கண்ணாடி கையைச் சுட்டது. ஒதுங்க நிழலின்றி, மணி மூலையில் செத்துக் கிடந்தது.

போனில் விஷயத்தைச் சொன்னதும் மகள், "நீ இன்னா வேணும்னேவா பண்ணே? அழுவாதம்மா" என்றாள். அவளும் அழுதுகொண்டுதான் இருந்தாள்.

விடுமுறைக்கு வந்தவள் இன்னொரு பல்லியைக் கொண்டுவந்து, "நீயே பாத்துக்கோம்மா" என்று என்னிடமே கொடுத்தாள். இப்போது பெட்டிக்குள் வெப்பமானி இருக்கிறது. ஒரு பக்கம் மட்டும்தான் சூடு, மறுபக்கம் ஒதுங்க நிழல். வெயிலில் வைப்பதே இல்லை.

இதற்குப் பெயர் வைக்கத்தான் இன்னும் மனம் வரவில்லை.