மஞ்சள் தண்ணீர்

பம்பைச் சத்தம் தெருமுனையில் திரும்பிவிட்டது. ஆடி மாசத்து அம்மன் கரகம் வருகிறது. "உங்க வூட்ல தீட்டு கீது, கதவ சாத்திக்க" என்று எதிர்வீட்டு அக்கா காலையிலேயே சொல்லிவிட்டுப் போனாள். என் வீட்டுக்காரர் செத்து நாலு மாசம்தான் ஆகிறது.

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது தம்பி உத்திரமேரூர் ஏரியில் மூழ்கிச் செத்தான். அந்த ஆடியிலும் இதையேதான் சொன்னார்கள். அம்மா கேட்கவில்லை. கரகம் சுமந்து வருபவரின் காலில் ஊற்றக் குடத்தில் மஞ்சள் தண்ணீர் கரைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். அப்பா அவள் கையைப் பிடித்து இழுத்தார்.

"புள்ளைய எடுத்துக்கினவளுக்கு இன்னாத்துக்குத் தண்ணி?"

"எம்புள்ள எங்கன்னு அவளத்தான் கேக்கணும். அவ நம்ம வாசல்ல நின்னாத்தான கேக்க முடியும்?"

கரகம் எங்கள் வீட்டை மட்டும் ஒதுக்கிவிட்டு எதிர்ப்பக்கமாகப் போனது. அம்மா ஓடிப்போய் தெருவை மறித்து, குடத்துத் தண்ணீர் முழுவதையும் அந்தக் காலில் கொட்டினாள். அவளைத் தடுக்க வந்த ஆளைப் பிடித்துத் தள்ளியது அப்பாதான்.

பம்பை கிட்டே வந்துவிட்டது. குடத்தைத் தூக்குகிறேன்.

"வாணாம்மா, ஊரே பேசும்" என்கிறான் என் மகன்.

"கதவத் தொற. எவனாவது தடுக்க வந்தா, நீ தள்ளு."