அக்காவின் கழுத்தில் கறுவா எண்ணெய்

எனக்கு ஓரிடத்தில் இருக்கத் தெரியாது. சோறு வேகுமுன் நாலு தரம் மூடியைத் திறந்து பார்க்கிற ஆள் நான். அக்கா நேரெதிர். அரிசியில் கல் பொறுக்க இருந்தால் பொழுது போவதே அவளுக்குத் தெரியாது.

அவள் கழுத்தில் தேமல் விழுந்திருந்தது. வெறும் தேமல்தான், ஆனால் பெண் பார்க்க வருகிறவர்கள் வெண்குட்டம் என்று நினைத்துவிட்டால் அதோடு சரி. சண்டிலிப்பாயிலிருந்து ஒரு சம்பந்தம் பொருந்தி வந்திருந்தது. மாப்பிள்ளையின் தாய் வெள்ளிக்கிழமை பின்னேரம் எங்கள் கோயிலுக்கு வந்து, சாமி கும்பிடுகிற சாட்டில் அக்காவைப் பார்ப்பதாக ஏற்பாடு.

கொழும்பில் கந்தோர் வேலையில் இருந்த அண்ணை ஒரு சின்னப் போத்தலில் கறுவாப்பட்டை எண்ணெய் அனுப்பியிருந்தார். ஒரு கரண்டி தேங்காய் எண்ணெயில் ஒரே ஒரு துளி கலந்து ஒரு மாதம் பூச வேண்டும் என்று கடிதத்தில் எழுதியிருந்தார். ஆறு நாள் பூசியும் தேமல் அப்படியே கிடந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வெள்ளிக்கிழமை காலை அக்காவுக்கு முழுக்கு. எண்ணெய் தேய்த்துவிடுவது என் வேலை. எங்கள் வீட்டில் எண்ணெய் என்றால் உள்ளங்கை நிறைய வார்த்து, சூடு பறக்கத் தேய்ப்பதுதான். அந்தக் கைப்பழக்கத்தில் கறுவா எண்ணெய்ப் போத்தலை அப்படியே கவிழ்த்து அவள் கழுத்தில் தேய்த்தேன்.

"ஐயோ, எரியுதடி! என்ன பூசினனீ?"

வாளி வாளியாகக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றியும் பின்னேரத்துக்குள் கழுத்து சிவந்து கொப்புளித்துவிட்டது. அம்மா என்னைத் திட்டித் தீர்த்தார். போகாமல் விட்டால் மறுத்ததாகிவிடும் என்று கோயிலுக்குப் போனோம்.

கோயில் வீதியைச் சுற்றிக் கும்பிடும்போது அக்காவின் சேலைத் தலைப்பு விலகியது. மாப்பிள்ளையின் தாய் கிட்ட வந்தார்.

"என்ன பிள்ளை உது?"

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டாள்.

"தேமலுக்குக் கறுவா எண்ணெய் பூசினது, மாமி. நான்தான் அவசரப்பட்டுக் கலக்காமல் பூசிப்போட்டன்."

இரண்டு நாள் கழித்துத் தரகர் வந்தார்.

"தேமலைப் பற்றி அவை ஒண்டும் கதைக்கேல்லை. அவசரக்காரி தங்கடை வீட்டுக்குச் சரிவராதாம்."

அக்காவா அவசரக்காரி! சண்டிலிப்பாய்க்கு ஓடிப்போய், பூசியது நான்தான் என்று சொல்லிவிட வாசல் படலைவரை போனேன்.

"பேசாமல் வந்து இரு," என்றாள் அக்கா.

யார் சொல்லியும் ஓரிடத்தில் இராத நான், அன்று போய் இருந்துவிட்டேன்.